புதுசா வேலைக்குப் போறீங்களா? திண்ணையில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

திருநெல்வேலியில் பேட்டைப் பக்கம் எங்கள் வீடு. 30 வருடம் ஃபிட்டர் வேலை பார்த்து ஓய்ந்தவன் நான். ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள், பத்தாவதோடு படிப்பை விட்டவர்கள், கங்கைகொண்டான் சிப்காட்டுக்குப் புதிதாகப் பஸ் ஏறுகிறவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் என்று சாயங்காலம் யாராவது திண்ணைக்கு வந்துவிடுவார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்தேன்.

நாளைக்கு முதல் நாள், அண்ணாச்சி. போனதும் என்ன கேட்க வேண்டும்?

சம்பளம் எவ்வளவு, லீவு எப்போது என்பதை நீங்களே கேட்டுவிடுவீர்கள். அதோடு சேர்த்து நாலு விஷயம் கேளுங்கள். நான் நிற்கப்போகிற மெஷினை நிறுத்துகிற பட்டன் எங்கே? கரண்ட் மெயின் சுவிட்ச் எங்கே? தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே ஓட வேண்டும்? அடிபட்டால் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும், முதலுதவிப் பெட்டி யார் பொறுப்பில் இருக்கிறது?

பதிலைக் காதில் வாங்கிக்கொண்டால் மட்டும் போதாது, நடந்து போய்ப் பாருங்கள். முதலுதவிப் பெட்டி மேனேஜர் அறையில், சாவி மேனேஜர் பையில், மேனேஜர் மதுரையில் என்று நான் பார்த்திருக்கிறேன். நிறுத்துகிற சிவப்புப் பட்டனுக்கு முன்னால் மூட்டை அடுக்கியிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

வேலைக்கான நியமனக் கடிதத்தையும் கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கடிதம் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. அடிபட்ட பிறகு ‘இவன் எங்கள் ஆளே இல்லை’ என்று சொல்ல முடியாமல் செய்வது அந்த ஒரு தாள்தான்.

இதெல்லாம் கேட்டால், வேலை தெரியாத பயல் என்று அனுப்பிவிட மாட்டார்களா?

எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான். என் விரல் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1991. எனக்கு 18 வயது. ஒரு அரிசி ஆலையில் சேர்ந்து ஒன்பதாம் நாள். மோட்டாரிலிருந்து போகிற பெரிய பெல்ட் வழுக்கிக்கொண்டே இருந்தது. குங்கிலியப் பொடி போட்டால் பிடித்துக்கொள்ளும். மூத்த ஆள் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, “போடத் தெரியுமாலே?” என்றார். “தெரியும் அண்ணாச்சி” என்றேன். எனக்குத் தெரியாது. பெல்ட் புல்லிக்குள் நுழைகிற பக்கம் எது, வெளியே வருகிற பக்கம் எது என்றுகூடப் பார்க்கவில்லை. நுழைகிற பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். வலி உடனே தெரியவில்லை. பொட்டலத்துக் காகிதம் புல்லியைச் சுற்றிப் போய் மறுபக்கம் சிவப்பாக வந்தது, அதைப் பார்த்த பிறகுதான் கையைப் பார்த்தேன். இடது கை ஆள்காட்டி விரலில் மேல்கணு இல்லை. பெல்ட்டை நிறுத்திவிட்டுத்தான் பொடி போட வேண்டும், ஓடும்போது எந்தப் பக்கமும் கை போகக் கூடாது என்று அதற்குப் பிறகு கற்றுக்கொண்டேன்.

அந்தப் பெரியவர் கெட்டவர் இல்லை. கேட்கத்தான் செய்தார். தெரியாது என்று சொல்ல எனக்குத்தான் கூச்சம். அதற்குப் பிறகு நான் பார்த்த விபத்துகளில் பாதிக்கு மேல் இந்தத் ‘தெரியும் அண்ணாச்சி’யில்தான் தொடங்கியிருக்கின்றன. முதல் வாரம் கேட்கிறவனைப் புதுசு என்பார்கள், மூன்றாம் மாதம் கேட்டால்தான் சிரிப்பார்கள். ஆகவே கேட்க வேண்டியதையெல்லாம் முதல் வாரத்திலேயே கேட்டுத் தீர்த்துவிடுங்கள்.

புது ஆளுக்குத்தான் அதிகமாக அடிபடும் என்பது நிஜமா, பயமுறுத்துகிறீர்களா?

நிஜம். 25 வயதைத் தாண்டியவர்களைவிட 15 முதல் 24 வயதுக்காரர்களுக்கு வேலையில் காயம்படுவது 40 சதவீதம் வரை அதிகம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் சொன்னது. கனடாவில் செய்த ஆய்வு ஒன்று இன்னும் சுவாரசியமானது: ஒரு வேலையில் சேர்ந்து முதல் மாதத்தில் இருப்பவருக்கு, ஒரு வருடத்துக்கு மேல் அதே வேலையில் இருப்பவரைப் போல மூன்று மடங்குக்கும் மேல் ஆபத்து. இதில் வயது கணக்கில்லை. 45 வயதில் வேலை மாறிப் போனாலும் அந்த முதல் மாதம் அப்படித்தான். வெளிநாட்டில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்து இங்கே புது மெஷினில் நிற்கிற அண்ணன்மார் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

தம்பிக்கு 16 வயது. வேலைக்கு அனுப்பலாமா?

படிக்க அனுப்புங்கள் என்பதுதான் என் முதல் பதில். பேட்டையிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் சட்டம் இதுதான்.

14 வயதுக்குள் இருந்தால் வேலைக்கு வைக்கவே கூடாது. பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் கூடமாட உதவுவதற்கும், நடிப்பு போன்ற கலை வேலைகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. 14 முடிந்து 18 ஆகாதவர்களைச் சுரங்கம், வெடிப்பொருள், தீப்பற்றும் பொருள், அபாயகரமான ரசாயன வேலைகளில் சேர்க்கக் கூடாது. மீறி வைத்தால் முதலாளிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குவாரியும் சட்டப்படி சுரங்கம்தான். ‘கல் உடைக்கலை, சும்மா டீ வாங்கிக் கொடுக்கத்தான்’ என்று குவாரிக்குள் பையனை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். 2022 மே 14 ராத்திரி நம்ம அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், நான்கு பேரை உயிரோடு காப்பாற்ற முடியவில்லை. பாறை சரியும்போது உள்ளே நிற்கிறவன் என்ன வேலைக்கு வந்தவன் என்று பார்த்துச் சரிவதில்லை.

கடை, ஓட்டல் மாதிரி இடங்களில் 14 முதல் 18 வரை உள்ளவர்களை வைக்கலாம், ஆனால் நேரக் கட்டுப்பாடு உண்டு. ஓய்வு, காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். ஓவர்டைம் கிடையாது. இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலையே கூடாது. நம்ம ஊர்ப் பரோட்டாக் கடைகள் சூடுபிடிப்பதே ஏழு மணிக்கு மேல்தான், அதனால் 16 வயதுப் பையனைக் கல்லுக்கு முன்னால் பார்த்தால் அது தப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் சம்பந்தமான புகாருக்கு 1098.

கையில் கயிறு, கழுத்தில் செயின். கழற்றச் சொல்கிறார்கள். சாமிக் கயிறு, எப்படிக் கழற்றுவது?

சாமி கோபித்துக்கொள்ளாது, ரோலர் விடாது. சுற்றுகிற எந்தப் பொருளும் நூலைப் பார்த்தால் இழுக்கும். நூல் அறுந்தால் அதிர்ஷ்டம். இப்போது கட்டுகிற நைலான் கயிறு அறுவதில்லை, கையைத்தான் கொண்டுபோகும். நம்ம பக்கம் கயிற்றின் நிறத்துக்கு வேறு அர்த்தம் வைத்துக்கொண்டு அலைகிறார்கள், அது வேறு கதை. எந்த நிறமானாலும் லேத்துக்கு ஒன்றுதான்.

கழுத்தில் துண்டு, தொளதொளச் சட்டை, லுங்கி, மோதிரம், பெண்பிள்ளைகளுக்குத் துப்பட்டா, தொங்கும் சடை, கண்ணாடி வளையல் எல்லாம் இதில் அடக்கம். துப்பட்டா ஓட்டல் கிரைண்டரில் மாட்டுவது எங்கோ நடக்கிற விஷயம் இல்லை. சடையைச் சுருட்டிக் கொண்டை போட்டுத் தொப்பிக்குள் வையுங்கள்.

கையுறையில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நினைத்து டிரில்லிங் மெஷினிலும் லேத்திலும் போட்டுக்கொண்டு நிற்பார்கள். அங்கே போடக் கூடாது. தோலைச் சீவிவிட்டுப் போகிற டிரில், துணியைப் பிடித்தால் மணிக்கட்டோடு முறுக்கும். தகடு தூக்க, வெல்டிங் செய்ய, ஆசிட் கையாள ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கையுறை. எந்த வேலைக்கு எது என்று தெரியாவிட்டால், சரி, அதையும் கேளுங்கள்.

கிரைண்டிங் மெஷின் கவரைக் கழற்றிவிட்டுத்தான் எல்லாரும் வேலை பார்க்கிறார்கள். நான் மட்டும் போட்டால் கிண்டல்.

கவரைக் கழற்றினால் கை நன்றாகப் போகும், மூலை முடுக்கு வெட்டலாம், உண்மைதான். அந்த வட்டு என்ன வேகத்தில் சுற்றுகிறது தெரியுமா? நாலு அங்குல மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று. வட்டு வெடித்தால் துண்டு வருவது கண்ணுக்குத் தெரியாது. உங்கள் முகத்துக்கும் அந்தத் துண்டுக்கும் நடுவில் இருப்பது அந்தத் தகரக் கவர் ஒன்றுதான்.

வட்டின் மேல் அது தாங்குகிற அதிகபட்ச வேகம் அச்சடித்திருக்கும், காலாவதித் தேதியும் இருக்கும். பாருங்கள். நாலு அங்குல மெஷினில் கவரைக் கழற்றிவிட்டு அஞ்சு அங்குல வட்டு மாட்டுவது, மரம் அறுக்கிற பல் வட்டு மாட்டுவது இரண்டும் எமனுக்கு வெற்றிலை பாக்கு வைப்பதுதான். கீழே விழுந்த வட்டை மறுபடி மாட்டாதீர்கள், விரிசல் வெளியே தெரியாது. கண்ணுக்குக் கண்ணாடி, வெட்டும்போது வட்டின் நேர்கோட்டில் நிற்காமல் ஒரு ஓரமாக நிற்பது. அவ்வளவுதான். கிண்டல் பண்ணுகிறவர்கள் ஒரு வாரத்தில் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள்.

மெஷின் ஓடும்போதே துடைக்கச் சொல்கிறார் மேஸ்திரி. நிறுத்தினால் உற்பத்தி போய்விடுமாம்.

நிறுத்தாமல் கையை விடாதீர்கள். 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, இளம் வயதினர் ஓடுகிற இயந்திரத்தைத் துடைக்கவோ எண்ணெய் போடவோ கூடாது என்று தனியாக எழுதியிருந்தார்கள். இது அவ்வளவு பழைய புத்தி.

நிறுத்தினால் மட்டும் போதுமா என்றால், போதாது. நீங்கள் தலையை உள்ளே விட்டிருக்கும்போது வேறொருவன் வந்து சுவிட்சைப் போட்டுவிடுவான். அவனுக்கு நீங்கள் உள்ளே இருப்பது தெரியாது. எங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர்கள் ஒரு காரியம் செய்வார்கள். ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். மூன்று ஃபேஸ் கரண்ட் என்றால் மூன்றையும். பை கனத்துத் தொங்கும். வேலை முடிந்து வெளியே வந்து, ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப மாட்டுவார்கள். இப்போது கங்கைகொண்டான் பக்கம் பெரிய கம்பெனிகளில் பூட்டும் சீட்டும் கொடுக்கிறார்கள். சுவிட்சை அணைத்து உங்கள் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய சீட்டைத் தொங்கவிட்டு, சாவியை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள், கூட்டாளியானாலும் சரி.

அணைத்த பிறகு ஒருதரம் ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். ஓடாவிட்டால்தான் உண்மையிலேயே அணைந்திருக்கிறது. தவறான சுவிட்சை அணைத்துவிட்டு நம்பிக்கையோடு உள்ளே போனவர்கள் உண்டு.

கூரை வேலைக்குப் போகிறேன். சேஃப்டி பெல்ட் கொடுத்திருக்கிறார்கள், போதுமா?

பெல்ட்டை எதில் மாட்டுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. பி.வி.சி. பைப்பில் மாட்டிக்கொண்டு தைரியமாக நிற்கிற பையனைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். உங்கள் எடையோடு விழுகிற வேகத்தையும் தாங்குகிற இரும்பில், தலைக்கு மேல் உயரத்தில் மாட்ட வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டுகிற பெல்ட் வேண்டாம், தோள், தொடை எல்லாம் சுற்றி வருகிற முழு உடல் பெல்ட் வேண்டும்.

சிமெண்ட் ஷீட் கூரை பார்க்கக் கல் மாதிரி இருக்கும். வெயிலில் பத்து வருடம் கிடந்த ஷீட் அப்பளம். அதன் மேல் நேராக நடக்காதீர்கள், பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும். போல்ட் வரிசை எங்கே ஓடுகிறதோ அங்கேதான் கீழே ஷீட்டைத் தாங்குகிற சட்டம் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஏணி சாய்க்கும்போது நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி வெளியே தள்ளி வையுங்கள். இரும்பு ஏணி, கம்பி, பைப் தூக்கிக்கொண்டு நடப்பதற்கு முன் தலைக்கு மேல் கரண்ட் கம்பி போகிறதா என்று பாருங்கள்.

வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் வேலை என்றால் இன்னொன்று. ஆனி ஆடியில் அங்கே அடிக்கிற காற்றுக்குத்தான் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறார்கள், நீங்கள் தூக்குவது தகர ஷீட். பாய்மரம் மாதிரி ஆளையே கொண்டுபோய்விடும். காற்று ஓங்கினால் ஷீட் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

கட்டட வேலை. சித்திரை வெயிலில் முதல் நாளே தலை சுற்றிவிட்டது. நான் சோம்பேறியா?

இல்லை, உடம்பு பழகவில்லை. வெயிலில் உழைக்கும் உடம்பு சரியாக வியர்க்கக் கற்றுக்கொள்ளவே ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். வெயில் தாக்கிச் சாகிறவர்களில் பெரும்பாலோர் வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களில் இருப்பவர்கள். அதனால் புது ஆளுக்கு முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, அடுத்த நாள் இரண்டு பங்கு என்று தினம் 20 சதவீதம் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். நம்ம ஊர் மேஸ்திரி இதைக் கேட்டால் சிரிப்பார். குறைந்தபட்சம், முதல் வாரம் உச்சி வெயிலில் நிழல் வேலை கொடுங்கள் என்றாவது கேளுங்கள்.

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் கால் மணிக்கொரு தடவை ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். நீர்மோரில் உப்புப் போட்டுக் குடித்தால் இன்னும் நல்லது. பதநீர் கிடைக்கிற காலத்தில் கேட்கவே வேண்டாம். கூட வேலை பார்க்கிறவன் சம்பந்தமில்லாமல் உளறினால், தள்ளாடினால், குடித்திருக்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுங்கள், 108-க்குச் சொல்லுங்கள். நினைவு தப்பியவன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

கிணறு தூர்வார, தொட்டி சுத்தம் பண்ணக் கூப்பிடுகிறார்கள். விளக்கு இறக்கிப் பார்த்தால் போதும் என்கிறார்களே?

கழிவுநீர்த் தொட்டி என்றால் போகவே போகாதீர்கள். ஆளை இறக்குவது 2013-ம் வருடச் சட்டப்படி குற்றம். இயந்திரம் இருக்கிறது.

கிணற்றுக்கு விளக்கு இறக்குவது நம்ம தாத்தாக்கள் வழி. விளக்கு அணைந்தால் காற்று இல்லை என்று தெரியும், அது சரி. ஆனால் விளக்கு எரிகிறது என்பதாலேயே நச்சு வாயு இல்லை என்று ஆகாது. எரியும் வாயு இருந்தால் விளக்கே வெடிக்க வைத்துவிடும். அழுகின முட்டை நாற்றம் வந்து, கொஞ்ச நேரத்தில் நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நினைப்பார்கள். அளவு கூடும்போது மூக்குதான் மரத்துப்போகும், வாயு அங்கேயேதான் இருக்கும். வாயு அளக்கிற கருவி, காற்று செலுத்துகிற ஊதி, மேலே இருந்து பிடித்திருக்கும் கயிறு மூன்றும் இல்லாமல் இறங்கக் கூடாது.

உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற நீங்கள் குதிக்காதீர்கள். பேப்பரில் ‘கிணற்றில் இறங்கிய மூவர் பலி’ என்று வருகிற செய்தியில் இரண்டாமவரும் மூன்றாமவரும் பெரும்பாலும் தூக்கிவிடப் போனவர்கள். அண்ணன் தம்பியாக இருப்பார்கள், அதனால்தான் யோசிக்காமல் குதிக்கிறார்கள். தீயணைப்புக்கு 101.

இனிப்புக் கடைப் பட்டறையில் சேர்ந்திருக்கிறேன். அல்வா கிண்டும்போது தெறிக்கிறது.

அல்வாச் சூடு தண்ணீர்ச் சூடு மாதிரி இல்லை. கோதுமைப் பால் கெட்டியாகி வரும்போது அடியிலிருந்து குமிழி எழும்பி, ‘பொளக்’ என்று உடைந்து தெறிக்கும். தண்ணீர் வழிந்துவிடும், இது தோலில் ஒட்டிக்கொண்டு உள்ளேயே வேகவைக்கும். முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு, நீளக் கைப்பிடித் துடுப்பு. தரையில் சிந்திய நெய்யை அப்போதே துடைக்க வேண்டும், வாணலி பக்கத்தில் வழுக்கினால் எங்கே விழுவீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

பட்டுவிட்டால் குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரம் பார்த்து 20 நிமிடம். பேஸ்ட், மஞ்சள், பேனா மை, ஐஸ் எதுவும் வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். முகத்திலோ உள்ளங்கையிலோ பட்டிருந்தால், உள்ளங்கை அகலத்துக்கு மேல் இருந்தால், ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ள். பத்து மணி நேரம் நிற்கிறேன். இதுவும் பாதுகாப்புக் கேள்விதானா?

ஆமாம், தாயி. கால் நரம்பு சுருட்டிக்கொள்வதும் இடுப்பு வலியும் வேலையால் வருகிற கேடுதான், ரத்தம் வராததால் யாரும் கண்டுகொள்வதில்லை. 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காரலாம். ஸ்டூல் போட்டிருக்கிறது, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார் என்றால் அது ஸ்டூல் இல்லாத மாதிரிதான். நாலைந்து பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள், தனியாகப் போகாதீர்கள். நடக்காவிட்டால் தொழிலாளர் துறை உதவி ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம்.

தொடுகிறவன், இரட்டை அர்த்தத்தில் பேசுகிறவன் விஷயமும் இதில்தான் சேரும். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். சின்னக் கடை என்றால் மாவட்ட அளவில் குழு இருக்கிறது. அவசரத்துக்கு 181.

சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறது, கையில் அடிபட்டுவிட்டது. ஈ.எஸ்.ஐ. காப்பீடு கிடைக்காது என்கிறார்கள்.

கிடைக்கும். சாதாரணக் காய்ச்சலுக்கு லீவுப் பணம் வாங்கத்தான் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு. வேலையில் அடிபட்டால் முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. குணமாகும் வரை சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் வரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் போடுவார். சேர்ந்ததும் இன்சூரன்ஸ் நம்பர் கேட்டு வாங்கி போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வண்ணார்பேட்டையில்.

வேலைக்குப் போகிற வழியில், திரும்புகிற வழியில் வண்டியில் விழுந்தாலும், வேலை நேரத்தோடும் வழியோடும் அது ஒத்துப்போனால் வேலை விபத்தாகவே எடுத்துக்கொள்வார்கள். ஈ.எஸ்.ஐ. இல்லாத சின்ன இடம் என்றால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும், இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும். அப்ரெண்டிஸ் பையன்களுக்கும் நஷ்டஈடு உண்டு, ‘நீ தொழிலாளி இல்லை’ என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் ‘பைக்கிலிருந்து விழுந்தேன்’ என்று சொல்லச் சொல்கிறார் முதலாளி. செலவெல்லாம் அவரே பார்த்துக்கொள்வாராம்.

சொல்லாதீர்கள். எனக்கும் சொன்னார்கள். 18 வயசு, பயம், சொன்னதைச் சொன்னேன். மாவு மில் வைத்திருந்த மாமா வீட்டில் கை மாட்டிக்கொண்டதாக எழுதினார்கள். எனக்கு மாவு மில் வைத்த மாமாவே கிடையாது. முதலாளி இரண்டு கட்டுக்குப் பணம் கொடுத்தார், மூன்றாவது கட்டுக்கு ஆளையே காணோம். அதற்குப் பிறகு யாரிடம் போய் என்ன கேட்க? தாளில் மாமா வீடு என்றல்லவா இருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் நீங்கள் சொல்வதைத்தான் எழுதுவார்கள். ‘ஏ.ஆர். காப்பி’ என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். பின்னால் எந்த அலுவலகம், எந்தக் கோர்ட் போனாலும் முதலில் கேட்பது அந்தத் தாளை. எந்த இடம், எத்தனை மணி, என்ன மெஷின் என்று உள்ளதைச் சொல்லுங்கள். முடிந்தால் கூட வேலை பார்க்கிறவரை மெஷினையும் இடத்தையும் அன்றே படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், மறுநாள் கவர் புதிதாக முளைத்திருக்கும்.

விரல் துண்டாகிவிட்டால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோங்கள். துண்டை நேராக ஐஸில் போடக் கூடாது.

ஆபத்தான வேலையை ‘மாட்டேன்’ என்று எப்படிச் சொல்வது? வேலை போய்விடுமே.

‘மாட்டேன்’ என்ற வார்த்தையை எடுக்காதீர்கள், சண்டையாகிவிடும். “அண்ணாச்சி, இத நான் செஞ்சதில்ல. ஒருதடவ நீங்க செஞ்சு காட்டுங்க, பாத்துட்டுச் செய்யுதேன்” என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான ஆட்கள் காட்டுவார்கள். காட்டத் தொடங்கியதும் அவர்களுக்கே அது ஆபத்து என்று உறைக்கும், ‘சரி, கவரப் போட்டுட்டே செய்’ என்று வந்துவிடுவார்கள். நான் பார்த்ததில் பத்துக்கு ஏழு தடவை இது வேலை செய்திருக்கிறது.

மீதி மூன்று தடவைக்கு: உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் முதலாளியிடம் அதைச் சொல்லவும், பாதுகாப்பு விவரங்களைக் கேட்டு வாங்கவும் சட்டத்தில் உங்களுக்கு உரிமை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் மரியாதையாக எழுதி அனுப்புங்கள், தேதியோடு பதிவு இருக்கும். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் கொடுக்கலாம். அப்படியும் நடக்கவில்லையா, வேறு வேலை தேடிவிட்டு விலகுங்கள். நிமிர்ந்து சண்டை போடு என்று வீட்டு வாடகை கட்டுகிற பையனுக்குத் திண்ணையில் உட்கார்ந்து நான் சொல்ல முடியாது.

நான் சூப்பர்வைசர். என்னிடம் புதுப் பையன்கள் வருகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்வியோடு வந்தது ஒரே ஒருவர்தான். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

‘புரிஞ்சுதாலே?’ என்று கேட்காதீர்கள். எந்தப் பையனும் ‘புரியல’ என்று சொல்லமாட்டான். ‘நீ எனக்குச் சொல்லிக்கொடு பாப்போம்’ என்று கேளுங்கள். மெஷினை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கி, பையில் போட்டு, ஸ்டார்ட் பட்டனை அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறானோ அங்கேதான் நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் இன்னொரு தடவை, பத்தாம் நாள் இன்னொரு தடவை. எனக்கு ஒன்பதாம் நாள் யாராவது அப்படிக் கேட்டிருந்தால், குங்கிலியப் பொட்டலத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் நான் முழித்திருப்பேன், அவர் அங்கேயே பெல்ட்டை நிறுத்தியிருப்பார்.